கன்றுக்கு முதல் பங்கு: கேள்வி – பதில்

கே: நேற்று இரவு எங்கள் மாடு கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழாமல் கன்றை மடியில் விடக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். காலையில்தான் விட்டோம். அவர் சொல்வது சரியா?
– இளம் மருமகள், துறையூர்

ப: மாமியார் எதற்காகக் காத்திருந்தாரோ, அதைச் சீக்கிரம் கொண்டுவந்து தரக்கூடியதே கன்றின் வாய்தான். கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற சுரப்பு ஊறுகிறது. பாலை இறக்கிவிடுவதும் அதுதான். கருப்பையைச் சுருக்கிக் கொடியைத் தள்ள உதவுவதும் அதுதான். கன்றைக் கட்டிவைத்துவிட்டுக் கொடிக்குக் காத்திருந்தால் இரண்டும் தாமதமாகும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைத் தாயின் வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வழி இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதங்களைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அந்தப் புரதங்களைச் சிதைக்காமல் முழுசாக உள்ளே விடும் கதவு பிறந்த கன்றின் குடலில் திறந்திருக்கிறது. ஆனால் மணிக்கு மணி அது சாத்திக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் வயிறு நிறையும், எதிர்ப்புச் சக்தி ஏறாது.

பிறந்த முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தள்ளிவிட்டுக் கன்றை விடுங்கள். எழ முடியாத கன்றுக்குக் கறந்து, ரப்பர் காம்பு போட்ட பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

உங்கள் கன்றை அடுத்த பத்து நாள் கூர்ந்து பாருங்கள். கழிச்சல், தொப்புள் வீக்கம், முழங்கால் மூட்டு வீக்கம் எது தெரிந்தாலும் அன்றே டாக்டர். அடுத்த ஈற்றில், "அத்தை, கொடி சீக்கிரம் விழ ஒரு வழி இருக்கு" என்று சொல்லிக் கன்றை மடியில் விடுங்கள். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

கே: கொடி பாதி வெளியே தொங்குகிறது. ஒரு செங்கல்லைக் கட்டிவிட்டால் பாரத்தில் விழுந்துவிடும் என்கிறார்கள். கட்டலாமா?
– விவசாயி, வந்தவாசி

ப: செங்கல் சுவருக்கே இருக்கட்டும். கொடி கருப்பையோடு ஓரிடத்தில் ஒட்டியிருப்பதில்லை. 70 முதல் 120 இடங்கள் வரை ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் தானாகக் கழன்றால்தான் முழுக்கொடியும் வரும். பாரம் கட்டினால் கொடி அறுந்து பாதி உள்ளே தங்கி அழுகும், ரத்தம் போகும், சில மாட்டுக்குக் கருப்பையே வெளியே வந்துவிடும். எட்டு மணி நேரம் வரை பொறுங்கள். பன்னிரண்டு தாண்டினால் டாக்டரை அழையுங்கள். கையைவிட்டு வலுவாகப் பிய்த்து எடுப்பதை இப்போது நல்ல டாக்டர்கள் செய்வதில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள். அதுவரை மாடு மிதிக்காதபடி தொங்கும் கொடியை அதன்மேலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம்.

கே: விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகுமா?
– கல்லூரி மாணவர், மணப்பாறை

ப: பால் பெருகுவது தீவனத்திலும் தண்ணீரிலும். ஆனால் கொடியை மாடும் தின்னாமல் நாயும் இழுக்காமல் அப்புறப்படுத்த வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தது நல்ல நினைப்பு. அதை இன்னும் நன்றாகச் செய்யலாம்: ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கே: மாடு காலையில் கத்தியது. ஊசி போடுபவர் மறுநாள் மதியம்தான் வந்தார். சினை நிற்கவில்லை. மூன்று தடவை இதே கதை. ஊசி மருந்து மோசமா, மாடு மோசமா?
– மூன்று மாட்டுக்காரர், நாமக்கல்

ப: மூன்று தடவையும் ஒரே கதை என்கிறீர்கள், அந்தக் கதையில் மாறாமல் இருப்பது மறுநாள் மதியம். முதலில் அதை மாற்றிப் பார்ப்போம்.

பருவம் 12 முதல் 24 மணி நேரம் இருக்கும். கருமுட்டை வெளிவருவது பருவம் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. வந்த முட்டை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். விந்தணு உள்ளே போய்ப் பக்குவப்படவும் சில மணி நேரம் வேண்டும். ஆகவே விந்தணு முன்னால் போய் முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பலித்துவருகிறது.

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். கத்தாத மாடும் உண்டு. பசிக்குக் கத்தும் மாடும் உண்டு. தெளிவாக, அறுபடாமல் தொங்கும் வழும்பு, அடிக்கடி சிறுநீர், பால் குறைவு, தீவனத்தில் நாட்டமின்மை இவையெல்லாம் அடையாளங்கள். மற்றொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நின்றால் அது கைநாட்டு வைத்த சாட்சி. விடியலிலும் இரவு படுக்கப் போகும்முன்னும் தொழுவத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். தேதியைக் குறித்துவைத்தால் 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாளுக்குள் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம். ஊசி போடுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

ஊசி போடும்போதும் அருகில் நில்லுங்கள். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடந்து வருகிறது. 37 டிகிரி வெதுவெதுப்பு நீரில் அரை நிமிடம் வைத்து எடுத்து உடனே போட வேண்டும். உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றினால் வெப்பம் சீராக ஏறாமல் விந்தணு சேதமாகும். இத்தனையும் சரியாக நடந்து மூன்று முறை நிற்காவிட்டால், நாலாவது ஊசிக்கு முன் டாக்டரை வைத்துக் கருப்பையைப் பரிசோதியுங்கள். தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சினை நிற்காத மாட்டுக்கு அதுதான் குறை.

கே: எங்கள் எருமை கத்துவதே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆத்தூர்

ப: எருமைக்கு ஊமைப் பருவம் அதிகம். வெயில் காலத்தில் இன்னும் அடங்கிப்போகும். இரவிலும் விடியலிலும் வாலடியைப் பாருங்கள்: வழும்பு, சிவந்து லேசாகத் தடித்த பிறப்புறுப்பு. கோடையில் குட்டையோ தண்ணீர்த் தெளிப்போ கொடுத்தால் பருவமும் தெளிவாகத் தெரியும்.

கே: ஊசி போட்டு இரண்டாம் நாள் கொஞ்சம் ரத்தம் வந்தது. சினை கலைந்துவிட்டதா?
– குடும்பத் தலைவி, சங்கரன்கோவில்

ப: அப்படி அர்த்தமில்லை. ஒன்றிரண்டு நாளுக்கு முன் பருவம் முடிந்தது என்று மட்டுமே அந்த ரத்தம் சொல்கிறது. சினை நின்றதா இல்லையா என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. 21ஆம் நாள் பருவம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் மூன்றாம் மாதத்தில் டாக்டர் கைப் பரிசோதனை செய்து உறுதிசொல்வார்.

கே: ஏனுங்க, காங்கேயம் மாட்டுக்குக் காங்கேயம் ஊசிதான் போட்டோமுங்க. கன்னுக்குட்டி செவலையாப் பொறந்துருக்குதுங்க. குச்சியை மாத்திப் போட்டுட்டாங்களா?
– தாராபுரம்

ப: மாற்றிப் போடவில்லைங்க, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். காங்கேயம் கன்று சிவந்துதான் பிறக்கும். நாலைந்து மாதம் தாண்டும்போது நிறம் வெளுத்து, ஆறாம் மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுக்கும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து உம்பளச்சேரிக் கன்றும் இப்படித்தான்: சிவப்பாகப் பிறந்து, முகத்திலும் காலிலும் வெள்ளை அடையாளங்களோடு நிறம் மாறும். ஊசி போட்டவர்மேல் புகார் எழுதி வைத்திருந்தால் கிழித்துவிடுங்க.

கே: என் மாடு தொடர்ந்து மூன்று ஈற்றும் காளைக்கன்றே போட்டிருக்கிறது. ராசியில்லாத மாடு என்று விற்றுவிடச் சொல்கிறார்கள்.
– திருச்செங்கோடு

ப: கன்று ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது காளையின் விந்தணு. மாட்டுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. செய்யாத காரியத்துக்காக அதை விற்காதீர்கள்.

கிடாரி வேண்டுமென்றால் பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது கிடைக்கிறது. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் மரபுப் பொருள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாக இருக்கும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கருவி கண்டுபிடித்துப் பிரிக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடாரி என்று எதிர்பார்க்கலாம். பிரிக்கும் வேலையில் விந்தணு களைத்துப்போவதால் சினை நிற்கும் வாய்ப்பு சாதாரண ஊசியைவிடச் சற்றுக் குறைவு. எனவே நல்ல உடற்கட்டுள்ள இளம் மாட்டுக்கு, பருவம் சந்தேகமில்லாமல் தெரிந்த நாளில் போடுங்கள். பலமுறை நிற்காமல் போன மாட்டுக்குப் போட்டுப் பணத்தை இழக்காதீர்கள்.

கே: இரட்டைக் கன்று, ஒன்று காளை ஒன்று கிடாரி. கிடாரிக்கு மூன்று வயது ஆகியும் பருவம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஒட்டன்சத்திரம்

ப: வருத்தமான பதில்தான் என்னிடம் இருக்கிறது. காளையோடு கூடப் பிறந்த கிடாரியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. வயிற்றில் இரண்டின் ரத்தக் குழாய்களும் இணைந்து, ஆண் கன்றின் சுரப்புகள் பெண் கன்றின் கருப்பை வளர்ச்சியைக் கெடுத்துவிடுகின்றன. டாக்டர் ஒருமுறை பரிசோதித்தால் உறுதியாகும். ஊசியும் மருந்தும் அதைத் திருத்தாது. கூடப் பிறந்த காளைக்குப் பெரும்பாலும் குறை இருக்காது. இப்படி இரட்டை பிறந்தால் சில மாதங்களிலேயே பரிசோதித்துவிடுவது நல்லது.

கே: எங்கள் நாட்டுக் கிடாரிக்கு எச்.எஃப். ஊசி போட்டால் பால் கூடிய கன்று வருமே, போடலாமா?
– புதுக்கோட்டை

ப: கன்று வரும், எப்படி வெளியே வரும் என்பதுதான் என் கவலை. எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீனுக்குப் பெரிய உடம்பு. சிறிய நாட்டுக் கிடாரியின் இடுப்பெலும்புக்கு அந்தக் கன்று பெரிதாகிவிட்டால் தாய், கன்று இரண்டு உயிரும் ஆபத்தில் நிற்கும். தலை ஈற்றுக்கு நாட்டு இன ஊசியே போதும். கலப்பினம் வேண்டியே தீர வேண்டுமென்றால் சமவெளிக்கு ஜெர்சி. ஹோல்ஸ்டீனுக்கு நீலகிரி, கொடைக்கானல் குளிர் பிடிக்கும். புதுக்கோட்டை வெயில் அதற்குத் தண்டனை.

கன்று போடும் நேரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் அவசரத்தில். பனிக்குடம் உடைந்ததும் முன்னங்கால் குளம்பு இரண்டும், அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியாக வருகிறது. தள்ளி நின்று பாருங்கள். ஒரே கால் தெரிகிறது, வால் தெரிகிறது, கால் இரண்டும் வந்து தலையைக் காணோம் என்றால் இழுக்காமல் உடனே டாக்டரை அழையுங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தும் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முன்னேற்றமே இல்லை (தலை ஈற்றுக்கு இரண்டு மணி வரை பொறுக்கலாம்) என்றாலும் அழையுங்கள். உதவி செய்ய நேர்ந்தால் மாடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி, ஓர் ஆள் பலத்தில் இழுங்கள். நாலு பேர் கயிறு கட்டி இழுத்த மாடு பலவற்றின் இடுப்பு நரம்பு நசுங்கி, எழாமலே போயிருக்கிறது. டாக்டர் எட்டாத ஊர் என்றால் 1962க்கு அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் அதற்காகத்தான் ஓடுகிறது. அந்த எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். நள்ளிரவில் கைபேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கே: கன்று பிறந்து மூச்சு விடவில்லை என்றால்?
– பால் கறப்பவர், உசிலம்பட்டி

ப: மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்தெடுங்கள். சுத்தமான வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில் விட்டுச் சீண்டுங்கள். தும்மினால் மூச்சு வந்துவிடும். காதில் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றலாம். உலர்ந்த சாக்கால் விலாவை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். பின்னங்காலைப் பிடித்துத் தூக்குவதானால் சில நொடிகள் மட்டுமே. அதற்கு மேல் குடலின் பாரம் நுரையீரலை அமுக்கிவிடும். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் போடாமல் மார்பின்மேல் உட்கார வையுங்கள், இரண்டு நுரையீரலும் விரியும். பிறகு தாயை நக்க விடுங்கள். நக்கல் கன்றைக் காய வைக்கிறது, ரத்தத்தை ஓட வைக்கிறது, எழுந்து நிற்கவும் தூண்டுகிறது.

கே: தொப்புள் கொடிக்குச் சாணம் வைக்கலாமா?
– ஆரணி

ப: வேண்டவே வேண்டாம். தொப்புள் நேராக ஈரலுக்கும் ரத்தத்துக்கும் போகும் வழி; சாணத்தில் தனுர்வாதக் கிருமி இருக்கலாம். வயிற்றிலிருந்து இரண்டு விரல் அகலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் வெட்டுங்கள். டிஞ்சர் அயோடினில் முனையை முழுதாக முக்கி எடுங்கள். காயும் வரை தினம் இரண்டு வேளை. மூட்டு வீங்கி நொண்டும் கன்றுகளில் பாதிக் கதை இந்தத் தொப்புளில்தான் தொடங்குகிறது.

கே: கன்றுக்கே பாலை விட்டுவிட்டால் சொசைட்டிக்கு எதை ஊற்றுவது? நாங்கள் கடன் கட்ட வேண்டாமா?
– ஈரோடு

ப: கட்டத்தான் வேண்டும். கடனோடு மல்லுக்கட்டும் வீட்டுக்குக் கணக்கில்லாமல் அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை. எனவே கணக்காகவே பேசுவோம்.

முதல் மாதம் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால். நாளைக்கு இரண்டரை லிட்டர். இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. எடை ஏற ஏறப் பங்கு குறைவதால் அளவு ஏறக்குறைய அதே இரண்டரையில் நிற்கும். மூன்று மாதம் முடியும்போது மொத்தம் 225 லிட்டர் அளவில் வரும். உங்கள் சொசைட்டி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதுதான் செலவு.

இனி வரவு. கலப்பினக் கிடாரியை ஊசிக்குக் கொண்டுவருவது வயதல்ல, எடை. 250 கிலோ தொட வேண்டும். நன்றாகப் பால் குடித்து வளர்ந்த கன்று 15 முதல் 18 மாதத்தில் தொடும். பாலில் வஞ்சிக்கப்பட்ட கன்று அதைத் தொட இன்னொரு வருடம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வருடமும் அது வைக்கோலும் தவிடும் தின்னும், ஆனால் ஒரு சொட்டுப் பால் தராது. அந்தத் தீவனச் செலவையும், ஒரு வருடம் தள்ளிப்போன கறவையையும் எதிரில் எழுதிப் பாருங்கள். 225 லிட்டர் சின்னதாகத் தெரியும்.

பாலைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனம் ஒரு கைப்பிடி, நல்ல உலர்ந்த புல் கொஞ்சம், எப்போதும் சுத்தமான தண்ணீர். பிறந்த கன்றுக்கு அசைபோடும் பெருவயிறு வேலை செய்வதில்லை. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேராக நாலாம் வயிற்றுக்குப் போய்விடும். பெருவயிற்றை வளர்ப்பது பாலல்ல, அந்தக் கைப்பிடித் தீவனம்தான். நாளைக்கு ஒரு கிலோ தீவனத்தைத் தொடர்ந்து தின்னத் தொடங்கினால் பாலை நிறுத்தலாம். மூன்று மாதத்துக்கு முன்பே அந்த நாள் வந்தால் உங்களுக்கு மிச்சம்.

கே: கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை நிறுத்த வேண்டுமா?
– கோவில்பட்டி

ப: நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் கழிச்சலோடு பசியும் சேரும். கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. கண் குழிவிழுவதும் அதே செய்திதான். மருந்துக்கடையில் நமக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கலந்து, அரை லிட்டர் வீதம் நாளைக்கு நாலைந்து முறை, பால் வேளைக்கு நடுவே கொடுங்கள். பாலோடு கலக்க வேண்டாம். சப்பவோ நிற்கவோ முடியாத கன்றுக்கு வாய்வழி போதாது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அன்றே. கன்று கட்டும் இடத்தைத் தினமும் உலர்த்துங்கள். ஈரத் தரையில் படுத்த கன்றுக்குக் கழிச்சல் போய்ப் போய் வரும்.

கே: கன்று மண்ணைத் தின்கிறது. வாய்க்கூடை போட்டுவிட்டேன். சரிதானே?
– திண்டிவனம்

ப: வாய்க்கூடை மண்ணைத் தடுக்கும், மண் தின்ன வைத்த காரணம் வயிற்றில் அப்படியே இருக்கும். பெரும்பாலும் குடற்புழு, அல்லது தாது உப்புக் குறை. உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வந்துவிடும், எனவே புல் தின்னாத கன்றுக்குப் புழு எப்படி வரும் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறந்து 10 முதல் 15 நாளுக்குள் முதல் பூச்சி மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள்.

கே: கன்று செத்துவிட்டது. வைக்கோல் கன்று வைத்துக் கறக்கலாம் என்கிறார் ஒருவர், ஊசி போட்டுக் கறக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
– திருவண்ணாமலை

ப: ஊசியைக் கையால் தொடாதீர்கள். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும்படி பால் இறக்க ஊசி போடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம். வேளைக்கு வேளை ஊசி பழகிய மாடு, பிறகு ஊசி இல்லாமல் பாலை இறக்காது.

வைக்கோல் கன்றும் தேவையில்லை. தாய் தேடும் வாசனையையும் சத்தத்தையும் கறவையோடு பழக்கிவிடலாம். அதே நேரம், அதே ஆள், அதே தீவனச் சட்டி. மடியை வெதுவெதுப்பு நீரில் கழுவி ஒரு நிமிடம் நிதானமாகத் தடவுங்கள். பல மாடுகள் சில நாளில் பாலை விட்டுவிடும். அந்த நாட்களில் கொஞ்சம் குறைந்து கறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கன்றைப் பறிகொடுத்தது அதுவும்தான்.

கே: சென்னையில் சீம்பால் விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா? கன்றின் வாயைத் தட்டிப் பறிப்பதாக மனது உறுத்துகிறது.
– மயிலாப்பூர்

ப: உறுத்துவது நல்ல மனது. விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கன்று குடிச்சாச்சா?" கலப்பின மாடு கன்று குடிக்கக்கூடியதைவிட அதிகமாகவே சீம்பால் தரும். முதல் நாள் பங்கு கன்றுக்குப் போனபின் மிஞ்சியதை வாங்கி, ஏலக்காயும் வெல்லமும் போட்டு ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். முதல் கறவையையே கொண்டுவந்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கே: மாடு வாங்கப் போகிறேன். சுழி பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போக வேண்டுமா?
– முதல்முறை வாங்குபவர், மதுராந்தகம்

ப: கறக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போங்கள். மாலை, மறுநாள் காலை, மறுபடி மாலை என்று மூன்று வேளை உங்கள் கண்முன் கறக்கச் சொல்லுங்கள். நாலு காம்பிலும் பால் சீராக வருகிறதா, திரிந்து வருகிறதா, மடியில் கட்டி இருக்கிறதா என்று அவர் சொல்வார். பல்லைப் பாருங்கள், எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள், சினை என்று சொன்னால் டாக்டரைக் கொண்டு கை வைத்துப் பாருங்கள். சுழியைப் பார்த்து நல்ல மாட்டை விட்டுவந்தவர்களும் உண்டு, சுழி சரியென்று மடிநோய் மாட்டை ஓட்டிவந்தவர்களும் உண்டு.

கே: ஏழாம் மாதச் சினை. இன்னும் மூன்று லிட்டர் தருகிறது. கறந்துகொண்டே போகலாமா?
– பண்ருட்டி

ப: நிறுத்துங்கள். கன்று போட 60 நாளுக்கு முன் மடிக்கு ஓய்வு வேண்டும். வயிற்றுக் கன்று எடை போடுவதும் இந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் இப்போதுதான். இப்போது கறக்கும் மூன்று லிட்டரை அடுத்த கறவையில் வட்டியோடு இழப்பீர்கள், சீம்பாலும் நீர்த்துப்போகும்.

கே: கன்று போட்ட மறுநாள் மாடு படுத்துவிட்டது. கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கிறது. காது சில்லென்று இருக்கிறது. கண் பட்டிருக்குமோ?
– கும்பகோணம்

ப: இதைப் படிப்பவர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய படம் இது. பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு குளிர்ந்துபோகும். பால் திடீரென்று இறங்கும்போது ரத்தத்துச் சுண்ணாம்புச் சத்து மடிக்குப் போய்விடுகிறது. தசைகள் வேலை செய்வதில்லை. மூன்றாம் ஈற்றுக்கு மேல், நன்றாகக் கறக்கும் மாட்டுக்கே பெரும்பாலும் வரும். டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பல மாடுகள் அவர் கைப்பையை மூடுமுன் எழுந்து நிற்கும். தாமதித்தால் செத்துப்போகும். வாயில் எதையும் புகட்டாதீர்கள், விழுங்க முடியாது. சாக்குகளை அணைவாக வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

கே: ஆறாம், ஏழாம் மாதங்களில் சினை கலைந்துபோகிறது. இரண்டு மாட்டுக்கு இப்படி ஆகிவிட்டது.
– திருப்பத்தூர்

ப: புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாகக் கிடந்து, காரணம் தெரியாமல் அலைபவர்கள் உண்டு. கலைந்த கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். கிடாரிக் கன்றுகளுக்கு நாலு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, வாழ்நாளுக்கும் போதும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதையும் இலவசமாகப் போடுகிறார்கள். அந்த வயது வரம்பைத் தவறவிட்டால் திரும்ப வராது.

கே: மாடிவீட்டில் ஒரு புங்கனூர் குட்டை மாடு வளர்க்க ஆசை. யோசனை சொல்லுங்கள்.
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

ப: உயரம் குறைவு என்பதால் தேவை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் மண் தரை வேண்டும், நடக்க இடம் வேண்டும், கூட இன்னொரு மாடு வேண்டும். பால் வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். காளைக்கன்று பிறந்தால் அதையும் ஆயுசுக்கும் வளர்க்க வேண்டும். ஆசை உண்மையானது என்றால் வெள்ளலூரிலோ அன்னூரிலோ மாடு வைத்திருக்கும் ஒரு விவசாயியோடு பேசி, ஒரு கன்றின் தீவனச் செலவை ஏற்றுக்கொண்டு, ஞாயிறுதோறும் போய்ப் பாருங்கள்.

கே: எங்கள் பேத்தி புதுக் கன்றுக்குப் பெயர் வைத்தே தீருவேன் என்கிறாள். வைக்கலாமா?
– தாத்தா, பெருந்துறை

ப: தாராளமாக. பேத்தியிடமே ஒரு நோட்டும் கொடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, தாயின் காதுத் தோடு எண், ஊசிக் குச்சியில் அச்சிட்டிருந்த காளை எண். கிடாரி என்றால் ஒன்றரை வருடம் கழித்து ஊசி போடுபவர் வரும்போது அந்தக் காளை எண்ணை அவரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்பனின் குச்சியையே மகளுக்குப் போட்டால் சினை நிற்பதும் குறையும், பிறக்கும் கன்றும் நலிந்து பிறக்கும். அதே எண் அவர் கையில் இருந்தால் வேறு காளைக் குச்சி கேளுங்கள்.